ஐயா இப்போது வீட்டில் இல்லை

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ரிகோபெர்த்தோ கார்கமோ என்பவருக்கு வருகின்றன. அவரை நான் பார்த்ததில்லை. தலைநகரின் ஓரத்தில், புவெந்தே ஆல்த்தோவில் இந்த வீட்டுக்கு நானும் அம்மாவும் குடிவந்து மூன்று வருடமாகிறது. எங்களுக்கு முன்னால் ஆறு வருடம் அவர் இருந்தார். டிவி ரிப்பேர் செய்பவர் என்று பக்கத்து வீட்டு மார்லேன் அக்கா சொன்னாள். தேசிய அணி ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தில் எல்லாரும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த நேரம், காரின் தலையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாராம். மெத்தையை எடுத்துப் போனார், கடனை விட்டுப் போனார்.

முதலில் வெள்ளை உறைகள் வந்தன. பிறகு மஞ்சள். பிறகு சிவப்புப் பட்டை போட்டு, உறை மேலேயே 'கடைசி அறிவிப்பு' என்று அச்சடித்தவை. கடைசி அறிவிப்பு மட்டும் பதினொன்று வந்தது. நடுவில் ஒரு டிசம்பரில் பச்சை உறை. கிறிஸ்துமஸ் வாழ்த்து, கூடவே பாதித் தள்ளுபடி. ஜனவரியில் மறுபடி சிவப்பு.

நான் அவற்றைக் குப்பையில் போடுவேன். அம்மா பொறுக்கி எடுத்து, உருளைக்கிழங்குத் தோலைத் துடைத்து, ரப்பர் பேண்டு போட்டு, ஃபிரிட்ஜின் மேல் அடுக்குவாள். பிரிக்கமாட்டாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது அவளுக்குக் குளிக்கிறவர்களை எட்டிப் பார்ப்பது மாதிரி.

"ஏம்மா இதையெல்லாம் சேத்து வைக்கிற?"

"ஒருத்தர் பேரு எழுதியிருக்குடி."

"அவரு கடன்காரரு."

"கடன்காரருக்குப் பேரு இருக்கக் கூடாதா? என்னைக்காவது வந்து கேட்டா என்ன சொல்றது? என் பொண்ணு படிச்சவ, குப்பையில போட்டுட்டான்னா?"

மார்லேன் அக்காவுக்கு இது நல்ல தமாஷ். தபால்காரர் வந்து போனதும் மதில் மேலாகக் கத்துவாள்: "எல்பா, உன் வீட்டுக்காரருக்கு இன்னைக்கு மூணு லெட்டர்டீ!"

"இவரு ரெண்டாவது" என்பாள் அம்மா. "மொத ஆளு பேருக்கு ஒரு லெட்டர்கூட வந்ததில்ல."

முதல் ஆள் என் அப்பா. ரங்காகுவாவில் வேறு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

என் பெயருக்கும் கடிதம் வரும். நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டமளிப்புப் படம் வரவேற்பறையில், கர்த்தரின் படத்தை விட ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்த வங்கி எனக்கு எழுதும் கடிதங்களை நான் மேசை இழுப்பறையில் போடுவேன். ரிகோபெர்த்தோவின் கடிதம் குப்பையில், என்னுடையது இழுப்பறையில். இரண்டையும் பிரித்ததில்லை. பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறேன். மார்ச்சில் வேலைக்கு எடுப்பார்கள், டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது என்பார்கள், மறு மார்ச்சில் மறுபடி எடுப்பார்கள். இங்கே கோடையான அந்த மாதங்களில் சாப்பாடு அம்மாவின் அடுப்பிலிருந்து வரும்.

அந்த அடுப்பைச் சொல்லியாக வேண்டும். அம்மா முப்பத்தொரு வருடம் பணக்காரப் பேட்டையான வித்தகூராவில் ஒரே வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். முழங்கால் போனதும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் பழைய சாமான் சந்தையில் இரண்டு தட்டு பேக்கரி அடுப்பு ஒன்றை வாங்கினாள். விற்றவன் ரசீது தரவில்லை, இவளும் கேட்கவில்லை. லாரியிலிருந்து இறக்கும்போது மார்லேன் அக்காவின் கால் மேல் அது உட்கார்ந்து, கட்டைவிரல் நகம் போனது. அன்றிலிருந்து தினமும் மாலை டீக்கு ரொட்டி, ஞாயிறு இறைச்சியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட எம்பனாதா. சந்தில் யாரும் கடை ரொட்டி வாங்குவதில்லை. என் கடைசி வருடப் படிப்புக்கு வங்கி கொடுத்தது போகக் குறைந்ததை அந்த அடுப்புதான் கொடுத்தது.

போன ஆகஸ்டில் ஒரு மாலை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:

"இன்னைக்கு ஒரு மேடம் வந்தாங்க. ரிகோபெர்த்தோவக் கேட்டாங்க. நல்ல மாதிரி. குளிர்ல நின்னாங்கன்னு ரெண்டு ரொட்டி குடுத்தேன்."

"ம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்த மேடம் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரம் உறை இல்லாமல் பின் அடித்த காகிதக் கட்டு ஒன்றைக் கொடுத்துப் போனார். அம்மா அதையும் அடுக்கின் மேல் வைத்தாள். உறையே இல்லாவிட்டாலும் அடுத்தவர் காகிதம் அடுத்தவர் காகிதம்தான். நான் ஃபிரிட்ஜைத் தினம் பத்து முறை திறந்தேன். மேலே பார்க்கவில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை வாசல் கம்பிக் கதவைச் சாவியால் தட்டும் சத்தம் கேட்டது. ஐம்பது வயதுப் பெண். விளையாட்டுக் காலணி, கம்பளித் தொப்பி, கையில் அட்டை. கோர்ட் அமீனா. பதினெட்டாம் தேதி சுதந்திரத் திருநாள்; அதற்கு அம்மா இருநூற்று நாற்பது எம்பனாதாவுக்கு ஆர்டர் வாங்கி, வெங்காய மூட்டையை நடையில் இறக்கியிருந்தாள். அமீனா அந்த மூட்டையைத் தாண்டி உள்ளே வந்தார்.

"ரிகோபெர்த்தோ கார்கமோ மேல ஜப்தி உத்தரவு. சாமான எழுதிக்கிறேன். ஒத்துழைச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்."

"அவரு இங்க இல்ல" என்றேன். "மூணு வருஷமாச்சு போயி."

"எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா சொல்றாங்க." குரலில் கோபமே இல்லை. டிவி என்று எழுதினார். "ரசீது இருக்கா?"

டிவிக்கு ரசீது இருந்தது. ஃபிரிட்ஜுக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் இருந்தது. அம்மா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் அவள் பெயர். அமீனா ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார். அடுப்பின் முன்னால் நின்றார்.

"இது?"

"அது என்னோடது மேடம்" என்றாள் அம்மா.

"ரசீது?"

அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் பார்த்தாள். அதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் பார்த்தாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மார்லேன் அக்கா மதில் மேல் ஏறிவிட்டாள் என்றால் போதும். ஊரில் எத்தனையோ திருடன் இருக்க வெங்காயம் உரிக்கிறவள் வீட்டுக்கா வந்தாய் என்பதுதான் சாரம். அமீனா நான் முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"படிச்ச பொண்ணுதானே? படிச்சுப் பாரு."

அவர் முந்தைய வருகைகளைப் பற்றி நீதிமன்றத்துக்குக் கொடுத்த குறிப்பு. ஆகஸ்டு மாதம் இன்ன தேதி, இன்ன மணி, மேற்படி முகவரிக்குச் சென்று கடனாளியைக் கேட்டேன். வீட்டிலிருந்த வயதுவந்த பெண்மணி, 'ஐயா இப்போது வீட்டில் இல்லை' எனத் தெரிவித்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி சென்றேன். அதே பெண்மணி அதே பதிலைத் தெரிவித்தார். ஆகவே கடனாளி மேற்படி முகவரியில் வசிக்கிறார் என்பது உறுதியாகிறது.

"அம்மா."

"என்னடி."

"இப்படியா சொன்ன? 'ஐயா இப்போது வீட்டில் இல்லை'ன்னு?"

"ஆமா. இல்லதானே?"

"'இப்போது'ன்னு சொன்னியா?"

"வேற எப்படிடி சொல்றது?" அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கதவத் தட்டி ஐயா இருக்காரான்னு கேட்டா, ஐயா இப்ப வீட்டுல இல்லீங்கன்னு சொல்லணும். அதான மொற. மொட்டையா இல்லன்னா மரியாதையா இருக்குமா?"

முப்பத்தொரு வருடம் அவள் கதவு திறந்தாள். அதற்கு அவளுக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியம் இது. பார்க்க விரும்பாதவர் வந்தால், சீட்டுப்பணம் கேட்டு யாராவது வந்தால், ஐயாவின் தம்பி வந்தால், எல்லாருக்கும் ஒரே வாக்கியம். ஐயா மாடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அந்த வாக்கியத்தை அம்மா வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை, முழங்கால் வலி மாதிரி கூடவே கொண்டுவந்திருந்தாள். ஆள் இல்லாத ஐயாவுக்கும் அதையே சொல்லிவிட்டாள்.

அமீனா அடுப்பை எழுதினார். இரண்டு தட்டு, எரிவாயு, இடது கதவில் கீறல். "நீங்கதான் பொறுப்பு. விக்கக் கூடாது, எடம் மாத்தக் கூடாது. வண்டி பதினஞ்சாம் தேதிக்கு மேல வரும். உங்களுதுன்னா கோர்ட்ல மூணாம் ஆளா மனுப் போடுங்க." வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம் போடுங்கம்மா. அந்த ரொட்டி நல்லா இருந்துச்சு."

அவர் போன பிறகு அம்மா அடுப்பை ஈரத்துணியால் துடைத்தாள். அது அழுக்காக இல்லை.

"எங்க ஐயா, டான் எர்னான்கிட்டப் போலாம்" என்றாள். "வக்கீலு. ஒரு போன் பண்ணா முடிஞ்சிடும். அவரு வீட்டுல முப்பத்தொரு வருஷம்டி."

எனக்கு விருப்பமில்லை. என்னிடம் வேறு யோசனையும் இல்லை. எனக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுரங்க வரி பற்றித் தெரியும். ஜப்தி பற்றி ஒன்றும் தெரியாது. பட்டம் வாங்கிய நாளிலிருந்து இந்தச் சந்தில் மின்கட்டண ரசீதிலிருந்து மருத்துவச் சீட்டு வரை எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுகிறார்கள். நானும் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ, பிறகு பேருந்து. அம்மா மடியில் துணியில் கட்டிய எம்பனாதா, ஒரு டஜன். ஐயாவுக்கு வெங்காயம் குறைவாக, ஆலிவ் கொட்டை எடுத்து. இதற்கு முன் அந்த வீட்டுக்கு நான் வந்தது எட்டு வயதில், பள்ளி விடுமுறை நாளொன்றில். சமையலறையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

கதவின் பேசும் பெட்டியில் அம்மா தன் பெயரைச் சொன்னாள். பிறகு கட்டம் போட்ட ஏப்ரனோடு ஒரு பெண் கதவுவரை நடந்து வந்தாள். என் வயதுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். வண்டிப் பாதையில் சாம்பல் நிறக் கார் நின்றது. பின்பக்கத்திலிருந்து கரியில் இறைச்சி சுடும் வாசம் வந்தது.

"ஐயா இப்ப வீட்டுல இல்லீங்க" என்றாள் அந்தப் பெண்.

அப்போது உள்ளே யாரோ தும்மினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மாவின் வாய் தானாக முணுமுணுத்தது: "நூறாயுசு."

ஏப்ரன்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"சரி கண்ணு" என்றாள் அவளிடம். "எல்பா வந்துட்டுப் போனான்னு சொல்லு. சொல்லாட்டியும் பரவால்ல." துணிமூட்டையைக் கம்பி இடைவெளியில் நீட்டினாள். "இது உனக்கு. அவங்களுக்கு இல்ல. சூடு பண்ணிச் சாப்பிடு."

பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆறாவது நிறுத்தத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் சொல்றா. ஆனா 'இப்ப'ங்கற எடத்துல குரல் ஏறுது. ஏறக் கூடாது. ஏறுனா பொய்யின்னு தெரிஞ்சிடும்."

"நீ சொல்றப்ப ஏறாதா?"

"எனக்கா? ஒருநாளும் ஏறுனதில்ல." பெருமையாகச் சொன்னாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அதான் அந்த மேடம் நம்பிட்டாங்க."

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் நின்றோம். என் சீட்டு நாற்பத்தாறாம் எண். கூப்பிட்டபோது மேசைக்கு அந்தப் பக்கம் த்ரினிதாத் என்ற பெண் இருந்தாள். சட்டம் முடித்தவர்கள் வக்கீலாவதற்கு முன் ஆறு மாதம் இங்கே கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அவள் நான்காவது மாதத்தில் இருந்தாள். வார்த்தைகளைப் பாதியில் விழுங்கும் அந்தப் பேச்சிலேயே எந்தப் பேட்டை என்று தெரிந்தது. நான் முன்கூட்டியே கோபப்பட்டுக்கொண்டேன்.

அமீனாவின் குறிப்பைப் படித்தவள் நிமிர்ந்தாள். "எல்பாம்மா, ஏன் இப்படிச் சொன்னீங்க?"

"வீட்டுவேல பாத்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன் நான், அம்மாவுக்கு முன்னால். "உங்க வீட்டுல என்ன சொல்லச் சொல்லியிருக்கீங்க?"

த்ரினிதாத்தின் காது சிவந்தது. "எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "'ஐயா மீட்டிங்ல இருக்காரு'ன்னு."

"அது கொஞ்சம் நல்லாருக்கு" என்றாள் அம்மா, யோசித்து. "ஆனா ஞாயித்துக்கெழம சொல்ல முடியாது."

வேலை தெரிந்த பெண் அவள். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. வாடகை ஒப்பந்தம், குடியிருப்போர் சங்கத்தின் வசிப்பிடச் சான்று, அம்மாவின் போனில் இருந்த ரொட்டி ஆர்டர்கள் முந்நூற்றுச் சொச்சம், அடுப்போடு அம்மா நிற்கும் படங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். ரிகோபெர்த்தோவின் கடிதக் கட்டையும் கேட்டாள்.

"பிரிக்காம இருக்கா எல்லாமே?"

"ஒண்ணுகூடப் பிரிக்கல" என்றாள் அம்மா.

"அப்படியே இருக்கட்டும். அவரு இங்க குடியிருந்தா ஒண்ணாவது பிரிச்சிருப்பாரே."

நான் மூன்று வருடம் குப்பையில் போட்டதை அம்மா பொறுக்கி எடுத்ததால் எழுபத்திரண்டு உறை மேசை மேல் இருந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மனுவைப் பத்தாம் தேதி போட்டோம். பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் அம்மா அடுப்பை அணைக்கவே இல்லை. வண்டி வந்தால் சூடாக இருக்கிற அடுப்பைத் தூக்க மாட்டார்கள் என்று மார்லேன் அக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். எரிவாயு உருளை இரண்டு தீர்ந்தது. பதினான்காம் தேதி மத்தியானம் த்ரினிதாத் போன் செய்தாள்: மனு முடியும்வரை ஜப்திக்குத் தடை. பதினேழாம் தேதி நானும் அம்மாவும் மார்லேன் அக்காவும் இருநூற்று நாற்பது எம்பனாதா மடித்தோம். எண்பதாவதிலிருந்து யாரும் பேசவில்லை.

தடை என்றால் முடிவு இல்லை. அக்டோபரில் சாட்சி விசாரணை. மார்லேன் அக்கா தன் கட்டைவிரலைக் காட்டச் செருப்பைக் கழற்றினாள். வேண்டாம் என்று சொன்னார்கள், காட்டினாள். ரிகோபெர்த்தோவுக்குக் கடன் கொடுத்த கடையின் கணக்கை விலைக்கு வாங்கிய நிறுவனத்துக்கு ஒரு வக்கீல் வந்திருந்தார். இளைஞர், உடம்பைப் பிடித்த கோட்டு. அம்மாவை நேரடியாகக் கேட்க அவர் கேள்விகளை எழுதி ஒட்டிய உறையில் கொடுத்திருந்தார். கோர்ட் அதிகாரி அம்மாவின் முன்னால் அந்த உறையைக் கிழித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்கானதுதாம்மா" என்றார் அதிகாரி.

"சரிங்க."

முதல் நான்கு கேள்விகள் பெயர், முகவரி, இத்யாதி. ஐந்தாவது: ஆகஸ்டு மாதம் இரண்டு முறை, 'ஐயா இப்போது வீட்டில் இல்லை' என்று தாங்கள் சொன்னது உண்மையா?

"உண்மைங்க."

ஆறாவது: அப்படியானால், மற்ற நேரங்களில் அவர் அந்த வீட்டில் இருப்பார் என்பதும் உண்மைதானே?

த்ரினிதாத் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். இந்தக் கேள்விக்கு வாரக்கணக்காக அம்மாவைத் தயார் செய்திருந்தோம். 'இல்லை, அவர் அங்கே குடியில்லை' என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரே வரி.

அம்மா கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் முப்பத்தொரு வருஷம் இதச் சொல்லியிருக்கேன். பாதி நாளு எங்க ஐயா வீட்டுலதான் இருந்தாரு. ஒருநாளு கதவுக்குப் பின்னாலயே நின்னாரு, என் ஏப்ரனு அவரு கால்ல உரசுது. அப்பவும் சொன்னேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கெடையாதுங்க. கதவச் சாத்துறதுக்கு ஒரு வார்த்த, அவ்ளோதான். ரிகோபெர்த்தோவ நான் பாத்ததே இல்ல. அவரு குட்டையா நெட்டையான்னுகூடத் தெரியாது. ஆனா கதவத் தட்டி 'ஐயா இருக்காரா'ன்னு கேட்டா என் வாயி அதத்தான் சொல்லும்." கோட்டுக்காரரைப் பார்த்தாள். "உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க தம்பி. உங்க வீட்டுலயும் அதத்தான் சொல்லுவாங்க."

அதிகாரி தட்டச்சுவதை நிறுத்தினார். "எல்லாத்தையும் எழுதணுமா?" என்று த்ரினிதாத்தைக் கேட்டார்.

"எல்லாத்தையும்" என்றாள் அவள்.

தீர்ப்பு டிசம்பரில் வந்தது, என் ஒப்பந்தம் முடிந்த அதே வாரம். அடுப்பு அம்மாவுடையது. நான்கு பக்கம். 'இரண்டு தட்டு, எரிவாயு, இடது கதவில் கீறல்' என்று அதிலும் இருந்தது. அம்மா தீர்ப்பைப் பிளாஸ்டிக் உறையில் மற்ற ரசீதுகளோடு வைத்தாள். சந்தையில் விற்றவன் தராத ரசீதைக் கோர்ட்டு கொடுத்துவிட்டது என்றாள். த்ரினிதாத்துக்கு ஒரு டஜன் அனுப்பினோம். டான் எர்னான் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. ரிகோபெர்த்தோவுக்குக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கடன் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தது. இப்போது நீல உறை.

விசாரணை முடிந்த பிறகும் நான் அம்மாவை விடவில்லை. மாலை டீயின்போது மேசையைத் தட்டுவேன்.

"ஐயா இருக்காரா?"

"ஐயா இப்..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொள்வாள். "அப்படி யாரும் இங்க குடியில்லீங்க."

"ரிகோபெர்த்தோ கார்கமோ?"

"அப்படி யாரும் இங்க குடியில்லீங்க."

"இன்னொரு தடவ."

"போடி, ரொட்டி கருகுது."

ஜனவரி முடிவதற்குள் யோசிக்காமல் சொல்லப் பழகிவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். நான் சமையலறை மேசையில் வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பிக் கதவை யாரோ தட்டினார்கள். அம்மா மாவுக் கையோடு போனாள். ஆணின் குரல். கடன் வசூல் நிறுவனத்தின் பெயர் ஒன்றைச் சொன்னார். பிறகு என் பெயரை, அப்பாவின் குடும்பப்பெயர், அம்மாவின் குடும்பப்பெயர் இரண்டோடும்.

"யாஸ்னா கிலோத்ரான் பினோச்செத் இருக்காங்களா?" என்று படித்துவிட்டு, "பினோலெவ், மன்னிச்சுக்கோங்க" என்று திருத்தினார். பழைய சர்வாதிகாரியின் பெயரை எனக்கு வைக்கும் இந்தத் தவறு பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம்.

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நிறைந்துபோய் முழுக்க மூடுவதில்லை.

"அப்படி யாரும் இங்க குடியில்லீங்க" என்றாள் அம்மா.

குரல் ஏறவே இல்லை. தடங்கலில்லாமல், தண்ணீர் மாதிரி வந்தது. நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் மாவுக் கையோடு ஒருத்தி என்னை இல்லை என்கிறாள். எனக்குத் தும்மல் வரவில்லை. வந்திருந்தால் அடக்கியிருப்பேன் என்று தோன்றியது. அதுதான் பிடிக்கவில்லை.

எழுந்து போனேன். அந்த ஆள் ஏற்கெனவே திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார். தோளில் பை, முதுகெல்லாம் வியர்வை.

"சார்" என்று கூப்பிட்டேன். "நான்தான்."

அம்மா என் இடுப்பில் முழங்கையால் இடித்தாள். மாவு ஒட்டியது.

"நான்தான் யாஸ்னா. நான் இங்கதான் குடியிருக்கேன். கடன் என்னோடது. வீட்டுல இருக்கற சாமான் எல்லாம் இவங்களோடது, ரசீது இருக்கு, அடுப்புக்குத் தீர்ப்பே இருக்கு. உள்ள வந்து பாக்கறீங்களா?"

"வேணாங்க" என்றார் அவர், கொஞ்சம் பயந்து. "கையெழுத்து மட்டும் போதும்."

கம்பி இடைவெளியில் அட்டையை நீட்டினார். போட்டேன். வேலை கிடைத்ததும் கட்டுகிறேன் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் போனதும், கொடுத்துப் போன உறையை அங்கேயே நின்று கிழித்தேன். மூன்று பக்கம்.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீ சொல்லிக் குடுத்ததத்தானடி சொன்னேன்? வாரக்கணக்கா உக்காந்து படிச்சேனே! நல்லாத்தான சொன்னேன்?"

"நல்லாச் சொன்னம்மா."

"குரல் ஏறுச்சா?"

"ஏறல."

"அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.